ஓர் எட்டுத் தூரம்

அக்காவை ஒரே ஒரு தடவையாவது மிலாற்றுக் குச்சியால் தொட்டுவிட வேண்டும் என்பதுதான் ஏழு வயதில் எனக்கிருந்த பேராசை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை எங்கள் எல்கடுவைத் தோட்டத்தில் மிலாறு என்போம். அடுப்புக்கென்று அம்மா சுமந்து வரும் விறகுக் கட்டிலிருந்து நேரான இரண்டை உருவினால் எங்களுக்கு வாள்கள்.

எல்லாம் மாத்தளைக் கொட்டகையில் அப்பா காட்டிய ஓர் இங்கிலீஸ் படத்தால் வந்த வினை. மெல்லிய நீள வாள்களோடு இரண்டு துரைமார் சண்டை போட்டார்கள். நான் வாளைப் பார்த்தேன். அக்கா காலைப் பார்த்திருக்கிறாள். மறுநாளே எங்கள் வரிசைவீட்டு லயத்து வாசலில் முழங்காலைச் சற்று மடித்து நின்றாள். முன்னேறினால் முன்கால் முதலில், பின்வாங்கினால் பின்கால் முதலில். கால்கள் ஒன்றையொன்று தாண்டவே தாண்டா. நான் ஓர் எட்டு வைத்தால் அவளும் ஓர் எட்டு பின்னால் போவாள். நான் பின்வாங்கினால் கூடவே வருவாள். என் குச்சி எப்போதும் அவள் சட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் காற்றைத்தான் குத்தும். அவள் முன்காலை எட்டி வைத்ததும் அவள் குச்சி மட்டும் என் வயிற்றில் வந்து நிற்கும்.

"கத்தியப் பாக்காத புள்ள, காலப் பாரு," என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இன்றைக்கு அந்த எரிச்சலுக்கும் ஏங்குகிறேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் மூலையில் சேலையை மறைப்பாகக் கட்டி அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் வேப்பிலையும், காத்துக்கருப்பு அண்டாமலிருக்க அப்பாவின் கவ்வாத்துக் கத்தியும் இருந்தன. அவளுக்கு நிஜக் கத்தி, எனக்கு வெறும் குச்சியா என்று பொறாமையாக இருந்தது.

"அக்கா பெரிய மனுசியாயிட்டா. தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்றாள் அம்மா. தொடக்கூடாது என்பது அக்காவின் பழைய சட்டம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, சேலையை விலக்கிக் குச்சியை நீட்டினேன். அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து முழங்காலை மடித்தாள். நான் ஓர் எட்டு வைத்தேன். அவள் பின்கால் சுவரில் முட்டியது. அதற்குமேல் போக அங்கே இடமில்லை. என் குச்சி அவள் தோளில் பட்டது.

"பட்டுருச்சு, பட்டுருச்சு" என்று நான் குதித்த குதியில் பக்கத்துக் காம்பராவே வந்து எட்டிப் பார்த்தது. தீட்டுப் பட்டுவிட்டதென்று அம்மா என்னைப் பீலிக்கு இழுத்துப்போய், அந்தக் குளிரில் தலைக்கு ஊற்றினாள். பல் கிட்டிப்போனது. ஜெயித்த சந்தோஷம் மட்டும் கரையவில்லை.

சடங்கு முடிந்தது. அக்கா தாவணி கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக அம்மாவோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். பின்னேரங்களில் நான் இரண்டு நேரான மிலாறுகளை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இனி அதெல்லாம் ஏலாது புள்ள," என்று உள்ளே போய்விடுவாள்.

தோற்றுப்போன ரோஷத்தில்தான் அக்கா வரமாட்டேன் என்கிறாள் என்று நான் திடமாக நம்பினேன். அதனால் ஒருநாள் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தேன்.

"அன்னைக்கு உன்மேல படவே இல்லக்கா. நீதான் ஜெயிச்ச. வாக்கா."

அக்கா என் காலைப் பார்த்தாள். பிறகு இரண்டு குச்சிகளையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தாள்.