அஞ்சு நிமிஷ அக்கா

எங்கள் விமான நிறுவனத்தின் மூன்றாம் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெட்டி தூக்குபவர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'அஞ்சு நிமிஷ அக்கா'தான். விமானம் கிளம்ப நாற்பது நிமிடம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிட வேண்டும் என்பது விதி. அக்கா மூடமாட்டார். "அஞ்சு நிமிஷம் பாப்போம், யாராவது ஓடி வருவாங்க" என்பார். சொல்லி வைத்தாற்போல் யாராவது மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். தாமதத்துக்கு விளக்கம் எழுதுபவன் நான் அல்லவா!

பொது வேலைநிறுத்தத்தன்று அக்கா ஒன்றரை மணி நேரம் நடந்து வேலைக்கு வந்தார். பஸ் கிடையாது, வாடகை வண்டி கிடையாது. எரிபொருள் நிரப்புபவர்களும் வராததால் பதினொரு விமானங்களில் ஒன்றே ஒன்றுதான் கிளம்பும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டிய அந்த விமானத்தையும் இரண்டு நாற்பதுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த விமானத்தில் அக்காவும் போயாக வேண்டும். வேறு ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு அன்று மாலை இதய ஆபரேஷன். மகள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அந்த அம்மா ஒரே பிடிவாதம். "காசு குடுத்து டிக்கெட் எடுத்துடு" என்று அண்ணன் போன வாரமே தலைபாடாக அடித்துக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கடைசியில் காலி இடம் இருந்தால் ஊழியர்கள் சும்மா ஏறிக்கொள்ளலாம். அதனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்குபவனை நாங்களே கேலி செய்வோம். "நான் வேலை பாக்குற இடத்துல எனக்கு ஒரு சீட் இல்லாமலா போயிடும்?" என்று அக்கா போனில் சொன்னபோது நானும்தான் சிரித்தேன்.

ரத்தான விமானங்களின் பயணிகளை அந்த ஒரே விமானத்தில் திணிப்பதுதான் காலை முழுவதும் வேலை. ஏதோ நாங்கள்தான் கொடி பிடித்தது மாதிரி ஆளாளுக்கு எங்களைக் கரித்துக்கொட்டினார்கள். அக்கா ஒவ்வொரு இடமாக நிரப்பினார். பதினொரு மணிக்கு விமானம் நிறைந்துவிட்டது. கடைசி இடத்தையும் தன் கையாலேயே யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு, அந்த விமானத்துக்கே ஏற்கெனவே டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு நேரம் மாறியதைப் போனில் சொல்ல ஆரம்பித்தோம். அக்காவிடம் ஒருவர், "பஸ் இல்லையேம்மா. பரவாயில்ல, நடந்தாவது வந்துடுறேன்" என்றார்.

"வாங்க சார், நான் இருக்கேன்" என்றார் அக்கா.

இரண்டு மணிக்குக் கவுண்டரை மூட வேண்டும். ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த ஒருவர் மட்டும்தான் பாக்கி. "அக்கா, உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்" என்றேன். அவர் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். சரியாக இரண்டு ஆனதும், நான் பார்க்க முதல் தடவையாக, கவுண்டரை மூடினார். அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டு போர்டிங் பாஸை எடுத்துக்கொண்டார்.

இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு அந்த மனிதர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறுந்த செருப்பு கையில் இருந்தது.

"அம்மா, காலைல போன் பண்ணீங்களே, நான்தான்."

"கவுண்டர் மூடியாச்சு சார்."

"மூணு நிமிஷம்தானேம்மா..."

"ரூல்ஸ் சார்." அக்காவின் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. போர்டிங் பாஸைக் கவிழ்த்துப் பிடித்தபடி உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வருடக்கணக்காக விதி, விதி என்று கத்தியவன் நான். விதிப்படி நடந்த அன்றைக்குத்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மனிதருக்கு மறுநாள் விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன். "அவங்க என்ன சார் பண்ணுவாங்க, அவங்க வேலை அது" என்றார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்காம் நாள் அக்கா வேலைக்குத் திரும்பினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை கலாட்டாவுல சீட் எப்படிடி கிடைச்சதுன்னு அம்மா கேட்டாங்க தம்பி. ஒருத்தர் வரலம்மான்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"கையெடுத்துக் கும்பிட்டாங்க. யார் பெத்த பிள்ளையோ, அவர் நல்லா இருக்கட்டும்னாங்க."