நான்கு அங்குலம் உயர்ந்த பிக்கப்

பார்வையாக இருக்கட்டுமென்று, என் மனைவி மேரியிடம் சொல்லாமலேயே எங்கள் பிக்கப்பை நான்கு அங்குலம் உயர்த்திவிட்டேன். அவளுடைய டிபன் கடை டிரெய்லரை இழுப்பது அந்த வண்டிதான். மறுநாள் காலை ஒக்கலிபுரம் சிக்னலில் நின்றோம். வண்டி உயர்ந்ததால் பின்பக்கம் சாய்ந்திருந்த டிரெய்லரின் கதவு திறந்து, தோசை மாவு ஒரு ஸ்கூட்டர்காரர் மடியில் கொட்டியது.

திட்டு வாங்கத் தயாராக இறங்கினேன். அவர் மாவைத் துடைத்தபடி டிரெய்லரைக் குனிந்து பார்த்தார்.

"வண்டிய ஏத்திட்ட, சரி. டிரெய்லர் மாட்டுற கொக்கிய யாருப்பா இறக்குறது?"

அவர் பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்தார். அங்கே கூட்டிப்போய், டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி கொக்கியைக் கீழே இறக்கிப் பொருத்தினார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலண்ணா" என்றாள் மேரி.

"இனிமே கேப்பாரும்மா" என்று சிரித்தார்.

இப்போது ஹாரன் மாற்றினாலும் அவளிடம் கேட்கிறேன். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, நிம்மதியாகவே இருக்கிறது.