ஆறு வீட்டுக்கும் ஒரு ரோஜாக் கப்பு

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசையாக ஆறு வீடு. ரோஜாப்பூ போட்ட நல்ல கப்பு ஒன்றே ஒன்று. மகள் கல்யாணத்துக்கு வந்த செட்டில் உடையாமல் மிஞ்சியது, என்னுடையது.

குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருகிறார், இந்த விலைவாசியில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்பார், உள்ளதைச் சொல்லுங்கள் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டுப் போனார். கொழுந்து வெட்டிப் பிழைக்கிற எங்களுக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறில்லை. அதற்காக, வீடு தேடி வருகிற மனுஷனுக்குப் பிளாஸ்டிக் கோப்பையிலா தேத்தண்ணி கொடுப்பது?

அதனால் அவர் முன்வாசல் வழியாக வர, கப்பு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வீடு அவருக்கு முன்னே போனது. கூடவே ரிங்லெட் டவுனில் வாங்கிய ஒரு டின் பிஸ்கட்டும்.

"சமாளிக்க முடியுதா?" என்று கேட்டார். ரோஜாக் கப்பை நீட்டிவிட்டுப் பஞ்சப்பாட்டு பாட யாருக்கு வாய் வரும்? "ஓடுது லா சார்" என்றார்கள் ஐந்து வீட்டிலும். அவரும் எழுதிக்கொண்டார்.

ஆறாவது என் வீடு. பக்கத்து வீட்டு அக்கா கழுவி முடிக்காததால் கப்பு வந்து சேரவில்லை. வெளி ஆட்களிடம் பேசவே கூசுகிறவள் நான். தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோஜாக் கப்பு எங்கம்மா?"

"பக்கத்து வீட்ல கழுவுறாங்க சார்."

"பிஸ்கட் டின்?"

"அதுவும் கூடத்தான் வரும்."

பேனாவைக் கீழே வைத்தார். "அஞ்சு வீட்டுத் தேத்தண்ணி வயித்துல நிக்குது. நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. ஓடுதா?"

"ஓடல சார். முட்டை வாங்கி மூணு வாரமாச்சு. சுத்திலும் காய்கறித் தோட்டம், நாங்க வாங்குறது அடிபட்ட கோஸு." என் வாயா அது என்று எனக்கே தெரியவில்லை.

பின்வாசலில் கப்போடு வந்து நின்ற அக்கா, "மானத்த வாங்கிட்டியே" என்று பல்லைக் கடித்தாள்.

அதிகாரி எழுதியதையெல்லாம் கோடு போட்டு அடித்தார். "முதல் வீட்லேருந்து திரும்பக் கேக்குறேன்" என்று எழுந்தார்.

அவ்வளவுதான். அக்கா கையிலிருந்து கப்பைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன். அவர் போய் உட்காரும்போது தேத்தண்ணி தயார்.

"ஓடல சார்" என்றாள் முதல் வீட்டுக்காரி, ரோஜாக் கப்பை அவர் பக்கம் தள்ளி. "பால் கொஞ்சமாத்தான் ஊத்தியிருக்கேன். டின் பால் விக்கிற விலைக்கு."