நாற்பத்து மூன்று அங்குல ராணி

“மாட்டுக்கு ஊசி போடக் கத்துக்கிட்டா போதாதா? குதிரையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது கால்நடை மருத்துவம் இறுதியாண்டு.

காணும் பொங்கலன்று காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். பட்டுக்கோட்டைப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம். ஒரத்தநாட்டில் அடுத்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் செம்பழுப்புக் குதிரை. ஓட்டி வந்த சவரிமுத்துவும் அவர் மனைவி மேரியும் அதே பந்தயத்துக்குத்தான் போகிறார்கள். மேரி அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

இரண்டு பக்கமும் அறுவடைக்குக் காத்திருக்கும் சம்பா. அந்தக் குதிரை ராணியைப் புனேயிலிருந்து வாங்கியதாகச் சவரிமுத்து சொன்னார். உயரம் பத்து புள்ளி மூன்று கை என்று விற்றவர் போனில் சொன்னாராம். ஒரு கைக்கு நாலு அங்குலம்; இவர் கால்குலேட்டரில் பெருக்கி, நாற்பத்தொன்று புள்ளி இரண்டு என்று சின்னக் குதிரைப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தார். அதற்கு உச்ச அளவு நாற்பத்திரண்டு. மைதானத்தில் அளக்கும்போது மீறினால் அன்று எந்தப் பிரிவிலும் ஓட முடியாது. பிரிவு மாற்ற ஒன்பது மணி வரைதான் நேரம்.

“அண்ணே, அந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்றது அங்குலம். பத்து கைக்கு நாப்பது, மேல மூணு. நாப்பத்து மூணுங்க.”

“பத்துல மூணு பங்குதானம்மா அது?”

“குதிரைக் கணக்குல புள்ளிக்கு அப்புறம் நாலு வராது. நாலானா அடுத்த கை ஆயிடும்.”

“மூணு மாசமா ஊரெல்லாம் நாப்பத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரும்மா” என்று மேரி அக்கா சிரித்தார்.

சவரிமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை. நெல் கொள்முதல் நிலையத்தின் சிமென்ட் களத்தில் வண்டியை நிறுத்தி ராணியை இறக்கினோம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின்மேல் அவர் ஒரு கரும்பை மட்டமாகப் பிடிக்க, நான் தரையிலிருந்து டேப் வைத்தேன். ராணி கரும்பைக் கடிப்பதிலேயே குறியாக இருந்தாள். மூன்றாவது தடவைதான் அசையாமல் நின்றாள். நாற்பத்து மூன்று.

சவரிமுத்து போனை எடுத்து, பந்தயம் நடத்துபவர்களிடம் நடுக்குதிரைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னார். அப்போது மணி எட்டே முக்கால்.

அந்தப் பிரிவிலேயே குள்ளமானவள் ராணிதான். கடைசியாகப் புறப்பட்டு, வாய்க்கால் பாலத்தில் நான்கு வண்டிகளைத் தாண்டி, மூன்றாவதாக வந்தாள். பரிசாகக் கிடைத்த பித்தளை அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரத்தநாடு வரை மேரி அக்கா அதில் தாளம் போட்டார்.

அடுத்த பந்தயம் திருவிடைமருதூர் பக்கம். உயரம் அளக்க ஆள் தேடினார்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். தச்சரிடம் அளவுகோலுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று: ஒரு பக்கம் கை, மறுபக்கம் அங்குலம்.