விரதப் பாயில் ஒரு பூனை

நான் மாலை போட்டு மலைக்குப் போனதற்குக் காரணம் பக்தி என்று எங்கள் சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுப்பதில்லை. பக்தி இருந்தது உண்மை. அது என் மனைவியுடையது.

அந்த வருஷம் ஆடி மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. நைனார்பாளையத்திலிருந்து வந்த என் மாமியார் வீட்டு ஜனங்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு என்னை இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்தார்கள். "நல்ல மனுசன்தான்" என்று ஒருவர் சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. அந்தக் கலவரத்தில் என் மனைவி ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்: இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால் வருகிற கார்த்திகையில் மாலை போட்டு மலையேறுவார். வேண்டிக்கொண்டது அவள் வாய், ஏற வேண்டியது என் கால். கடவுளுக்கும் அவளுக்கும் நடந்த அந்தப் பேச்சுவார்த்தைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் மயக்கத்தில் இருந்தேனே.

அப்போது நாங்கள் கல்வராயன் மலைமேல் குடியிருந்தோம். அங்கே ஒரு பள்ளியில் நான் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சமவெளியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்பது. மலைமேல் கார்த்திகை பிறந்தால் சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கி வாசலில் நிற்கும். எங்கள் வீட்டுக் கூரை சிமெண்ட் ஷீட்டு. வெயிலை அப்படியே உள்ளே விடும், பனியை அதைவிடத் தாராளமாக விடும்.

பூனை அந்த வீட்டோடு வந்தது. சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "பூனை வூட்டோட சேந்தது சார். தொரத்துனாலும் போவாது. நாங்களே தொரத்திப் பாத்துட்டோம்." கிழப் பெண் பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, வால் மட்டும் கறுப்பு. நான் அதற்கு ஒரு நல்ல பெயர் வைக்க நினைத்து, படித்த புத்தகங்களையெல்லாம் மனத்தில் புரட்டிப் பார்த்து, ஒரு முடிவுக்கும் வராமல் விட்டுவிட்டேன். என் மனைவி "ஏய்" என்று கூப்பிட்டாள். அது வந்தது.

முதல் வருஷம் அதற்குக் குளிர் ஒரு பிரச்சினையாக இல்லை. எங்களிடம் விறகடுப்பு இருந்தது. சமையல் முடிந்ததும் பூனை அடுப்புக்குள் இறங்கிச் சூடான சாம்பலில் சுருண்டுகொள்ளும். காலையில் சாம்பல் பூசிய சாமியார் மாதிரி எழுந்து வரும். ஆனால் அடுப்பில் பூனை தூங்குகிற வீடு என்றால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உலை வைக்க வழியில்லாத வீடு. இரண்டாம் வருஷம், காலையில் பால் ஊற்ற வந்த அம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நேத்து சமைக்கலியா?" என்று கேட்டுவிட்டாள். என் மனைவிக்கு அது போதும். அந்த மார்கழியிலேயே கள்ளக்குறிச்சியிலிருந்து கேஸ் அடுப்பு பஸ் ஏறி வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் வறுமைப் பேர் நீங்கியதில் நஷ்டப்பட்டது பூனை ஒன்றுதான்.

மூன்றாவது நாள் விடியலில் அது ஆறிப்போன விறகடுப்பின் ஓரத்தில் விறைத்துக் கிடந்தது. செத்தே போயிற்று என்று நான் குழி தோண்ட இடம் பார்க்கப் போய்விட்டேன். வரலாறு படித்தவனுக்கு முடிவுரை எழுத அவசரம். என் மனைவிதான் அதைத் துணியில் சுற்றி, வெந்நீர்த் தவலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அரைமணி கழித்து அது ஒரு கண்ணைத் திறந்தது. கால்நடை மருந்தகத்தில் இருந்த உதவியாளர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயசாயிடுச்சு சார். மாடுன்னா முதுகுல சாக்கு போட்டுக் கட்டலாம். இதுக்கு இன்னாத்த கட்றது? அடுத்த பனிக்கு சூடு கொறையாம பாத்துக்கங்க. இன்னொரு தபா வெறைச்சா எழுந்திரிக்காது."

ஆகவே அடுத்த கார்த்திகை நெருங்கியபோது எங்கள் வீட்டில் இரண்டு உயிர்களின் எதிர்காலம் விவாதத்தில் இருந்தது. ஒன்று மலையேற வேண்டும், இன்னொன்று குளிரைத் தாண்ட வேண்டும். மேலே சொன்ன உயிர் கீழே சொன்ன உயிரைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

முதலில் ஓர் அட்டைப்பெட்டியில் என் பழைய ஸ்வெட்டரை விரித்து வைத்தேன். பூனை உள்ளே இறங்கி, மோந்து, வெளியே வந்து, பெட்டியின் மூடிமேல் படுத்தது. பிறகு பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி வைத்தேன். பாட்டில் சுருங்கி, கோணி, கூன் விழுந்து நின்றது. பூனை அதை ஒரு எதிரியாகவே பாவித்தது. பிறகு கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி பெட்டிக்குள் பல்பு போடலாம் என்று தோன்றியது. வீட்டில் இருந்ததெல்லாம் எல்.ஈ.டி. பல்பு. வெளிச்சம் நிறைய வரும், சூடு துளியும் வராது. என் சக ஆசிரியர்கள் சிலருடைய சொற்பொழிவு மாதிரி. பழைய குண்டு பல்பு தேடிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். அதற்குள் மாலை போட்டாகிவிட்டது. கறுப்பு வேட்டி, வெறுங்கால், தாடி.

எலக்ட்ரிக் கடைக்காரர், "வாங்க சாமி, கோழிக்குஞ்சுக்கா?" என்றார்.

"இல்லங்க. பூனைக்கு."

அவர் கடைக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: "பூனைய குஞ்சு பொரிக்க வெக்கப் போறாராம் சாமி. அந்தப் பழைய பல்பு எதுனா கீதான்னு பாரு!"

ஒன்று கிடைத்தது. அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்து பெட்டிக்குள் மாட்டினேன். அன்றே மின்சாரம் போயிற்று. மறுநாள் வந்தபோது பல்பு ஒருமுறை மஞ்சளாகச் சிரித்துவிட்டு உயிரை விட்டது.

அந்த நாட்களில் நான் எங்கே படுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். மாலை போட்டவன் கட்டிலில் படுக்கக்கூடாது. தலையணை கூடாது. சாமி படம் இருந்த சின்ன அறையில் தரையில் ஒரு கோரைப்பாய், மேலே ஒரு போர்வை. தரை மலையின் குளிரையெல்லாம் சேர்த்துவைத்து என் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக விசாரித்தது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல் வேறு. சரணம் சொல்வது பக்தியால் என்று அதுவரை நினைத்திருந்தேன். முதல் சொம்பு தலையில் விழும்போது வேறு எந்தச் சொல்லும் வாயில் வராது என்பது அனுபவத்தில்தான் தெரிந்தது.

பல்பு செத்த மறுநாள் விடியலில் விழித்தபோது வயிற்றின்மேல் ஏதோ கனத்தது. பூனை. இரண்டு வருஷத்தில் என்னை ஒருமுறை கூட முழுசாகப் பார்க்காத பூனை, போர்வைக்குள் நுழைந்து, என் தொப்பையில் பள்ளம் செய்துகொண்டு குர்குர்ரென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. கட்டிலில் இருந்தவரை நான் உயரத்தில் இருந்தேன், பக்கத்தில் மனைவி இருந்தாள், நடுவில் அவளுடைய அதட்டல் இருந்தது. இப்போது தரைக்கு வந்துவிட்டேன். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு வெந்நீர்த் தவலை கிடக்கிறது, அதற்குத் தாடி வேறு இருக்கிறது என்று பூனை கண்டுகொண்டது.

நான் அதை மறைக்கப் பார்த்தேன். கறுப்பு வேட்டியில் வெள்ளை முடி ஒட்டினால் எதை மறைப்பது?

"இன்னா சாமி இது?" என்று என் மனைவி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரத காலத்தில் அவள் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள். அதட்டும்போதும் சாமிதான். "பூஜ ரூம்புல பூனையக் கட்டிக்கினு படுத்துக்கினு இருக்கீங்களே சாமி, இதுக்குப் பேரு வெரதமா? கவுச்சி தின்ற வாயி அது."

"நம்ம வீட்டில்தான் கவுச்சியே இல்லையே. அதுவும் பத்து நாளாகத் தயிர்சோறுதான் தின்கிறது. பார்க்கப்போனால் அதுவும் விரதம்தான்."

"நீங்க வேணா அதுக்கும் ஒரு மாலை போட்டு வுடுங்க சாமி."

விவகாரம் குருசாமியிடம் போயிற்று. எங்கள் குருசாமி, கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர். பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவர். பஸ் வந்து திரும்பும் பத்து நிமிஷத்தில்தான் எங்களுடைய சந்தேகங்களுக்கெல்லாம் தீர்ப்பு. அன்று டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். மருந்தக உதவியாளர் சொன்னதையும் சொன்னேன்.

"சாமி எது மேல வர்றாரு?" என்றார்.

"புலி மேல."

"புலி மேலயே குந்திக்கினு வர்ற சாமிக்குப் பூனை ஆவாதா? அது புலிக்குப் பங்காளி. குளுருக்கு வந்து படுத்துச்சுன்னா படுத்துட்டுப் போவட்டும். நீ கால்ல பட்ட எறும்புக்கே மன்னிப்புக் கேக்கற வெரதத்துல கீற. வந்த உசுர எட்டி ஒதைச்சுட்டுப் போயி மலையில இன்னாத்த கும்புடுவ?" என்று சொல்லிவிட்டு, விசில் அடித்து பஸ்ஸை எடுக்கச் சொன்னார்.

என் மனைவி தீர்ப்பை மதித்தாள். ஆனால் காலையில் பாயைத் தூக்கி உதறும்போது உதறலில் ஒரு கருத்து இருந்தது.

அப்படியே ஒரு மாதம் ஓடியது. மார்கழி வந்து குளிர் இறுகியது. பூனை இருட்டியதும் வந்து பாயில் காத்திருக்கும். நான் சரணம் சொல்லி முடிக்கத் தாமதமானால் "போதும்" என்பது மாதிரி ஒரு குரல் கொடுக்கும். யாருக்கும் நான் இவ்வளவு தேவைப்பட்டதில்லை. அதுவும் சும்மா படுத்திருப்பதற்காக.

சிக்கல் பிறகுதான் உறைத்தது. மார்கழி பாதியில் நாங்கள் வேனில் கிளம்பினால் திரும்ப ஐந்து நாள் ஆகும். வருஷத்திலேயே குளிர் அதிகமான ஐந்து நாள். அதற்குள் பூனை பெட்டியை மறந்துவிட்டிருந்தது. நான் போய்விட்டால் அது எங்கே போகும்? மனைவியிடம் பேச்சுவாக்கில், "அஞ்சு நாளைக்கு நீ வேணா பாயில..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குக் கட்டிலு கீது. நான் ஒண்ணும் மாலை போடல" என்றாள்.

கிளம்புகிற நாள். இருமுடியைத் தலையில் ஏற்றியாயிற்று. வாசலில் தேங்காய் உடைத்தாயிற்று. அந்த நேரத்துக்கு என்று ஒரு சட்டம் உண்டு: போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. நேரே நடக்க வேண்டியதுதான். நான் நடந்தேன். பின்னால் பூனை கத்தியது. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. தலையில் இருமுடி, கழுத்தை அசைக்க முடியாது. முன்னால் குருசாமி. என் வாழ்க்கையில் நான் பின்பற்றிய ஒரே சட்டம் அன்று என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று.

வழியில் வீட்டுக்குப் போன் போட்டேன். எங்கள் மலைமேல் சிக்னல் வந்து வந்து போகும். "எல்லாம் நல்லா கீது சாமி. நீங்க நல்லபடியா..." என்று அறுந்தது. வேனுக்குள் பன்னிரண்டு சாமிகள் உட்கார்ந்திருக்க, பூனை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சன்னிதியில் நமக்குக் கிடைப்பது சில நொடி. அதற்காகப் பல வருஷம் படித்த தத்துவத்தையெல்லாம் சுருக்கி ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். பின்னாலிருந்து யாரோ தள்ள, முன்னாலிருந்து யாரோ நகரச் சொல்ல, வாயில் வந்தது இதுதான்: "பூனை விறைக்காம பாத்துக்கப்பா." வெளியே வந்து நின்றபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வேன் கள்ளக்குறிச்சியில் இறக்கிவிட, ஆறாம் நாள் காலை முதல் பஸ்ஸில் மலைமேல் வந்து இறங்கினேன். பாதமெல்லாம் கொப்புளம். வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் பாயில், தலையணை இல்லாமல், என் மனைவி படுத்திருந்தாள். கட்டிலில் இருந்த போர்வைகள் அத்தனையும் அவள்மேல். போர்வைகளின் நடுவில் ஒரு மேடு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள்.

"நீங்க போன ரெண்டாம் நாளே சோறு திங்கல. மூணாம் நாளு ஒடம்பே ஜில்லுனு ஆயிடுச்சு. மருந்தகம் பூட்டிக் கெடந்துச்சு. வெந்நித் தவல கிட்ட வெச்சுத் தேச்சுக்கினே இருந்தேன், போன்கூட எடுக்கல. கண்ணே தொறக்கல. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியலங்க. வேண்டிக்கினேன்."

"என்னன்னு?"

அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

"இது பொழச்சு எழுந்துச்சுன்னா, அடுத்த வருசமும் நீங்க வந்து ஏறுவீங்கன்னு."

நானும் அங்கே இதற்காகத்தான் வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேண்டுதல் இரண்டாகும், அப்புறம் வருஷமும் இரண்டாகலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். போர்வையின் ஓரம் அசைந்தது. பூனை தலையை வெளியே நீட்டி, கொப்புளம் கண்டிருந்த என் இரண்டு பாதங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, மறுபடி அவள் மடிக்குள் போய்விட்டது.