அக்கா பெயர் ஒட்டிய போத்தல்

இப்போதெல்லாம் ஒரு துளி ரத்தத்தில் இருக்கும் புரதங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, என்ன நோய் என்று இயந்திரமே சொல்லிவிடுகிறதாம். சொல்லட்டும். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம் நான் மலாக்காவில் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தபோது, எங்களிடம் இருந்தது கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும்தான். சிறுநீரைக் கொதிக்கவைத்துக் கொஞ்சம் அமிலம் விடுவோம். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துக் கலங்கினால் அதில் புரதம் இறங்குகிறது, சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படி ஆனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

என் அக்கா அதே ஊரில், காஜா பெராங் பக்கம் புருஷன் வீட்டில் இருந்தாள். முதல் கரு தங்கவில்லை, இது இரண்டாவது. மாமியார் அவளை வாசற்படி தாண்ட விடமாட்டார். அதனால் காலைச் சிறுநீரை வீட்டிலேயே போத்தலில் பிடித்து, மச்சானிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தேன்.

அக்கா பெயர் ஒட்டி வந்த போத்தலிலிருந்து ஊற்றிக் கொதிக்கவைத்தேன். கலங்கியது. அமிலம் விட்டும் தெளியவில்லை. திரும்பவும் செய்தேன், அதே கதைதான். டாக்டரிடம் சொன்னதும் அன்றைக்கே அக்காவை வார்டில் படுக்கவைத்துவிட்டார்கள்.

வார்டில் நர்ஸ் மிசி முன்னால் நின்று பிடித்து அனுப்பிய சிறுநீரோ, கொதித்த பிறகும் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அக்காவின் ரத்த அழுத்தத்திலும் குறையில்லை. டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். விறுவிறுவென்று வார்டுக்குப் போனேன். அக்காவின் கட்டிலோரம் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தே, அந்தப் போத்தல்ல ஊத்துனது யாரு?"

"நான்தான். அவ குடுத்தத கொல்லையில கொட்டிட்டு, என்னோடத ஊத்தி அனுப்புனேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? புள்ளத்தாச்சி உடம்புலேர்ந்து வந்தத கண்டவன் கையில குடுப்பாங்களா? எவனாச்சும் போமோகிட்ட கொண்டுபோயி சூனியம் வச்சிட்டா? ஒண்ணு போனது பத்தாதா, தம்பி?"

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் குழாயில் கலங்கியது இவருடையது.

"அப்ப அவளுக்கு ஒண்ணுமில்லதானே?" என்றார்.

"ஒண்ணுமில்ல, அத்தே."

"தாயே, மாரியாத்தா." அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் குனிந்து, சேலைக் கரையை ஒதுக்கி, அவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"நின்னுகிட்டே இருந்தா வீங்கத்தான்லா செய்யும்," என்று காலை இழுத்துக்கொண்டார். "நீ போயி அவளுக்குக் குடிக்க எதாச்சும் வாங்கிட்டு வா."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினாள்.

"அத்தே, நீங்க படுங்க."