நின்று சாப்பிட்டவன்

ஓலிபோரைப் பற்றி பெனவெந்தும் ஊரில் இரண்டு கட்சி உண்டு. போரில் பயந்துபோய் குன்றின் மேல் ஏறி ஒளிந்தவர்களில் அவனும் ஒருவன் என்பது ஒரு கட்சி. நாவிதன் நிக்கோன் சொல்வது இன்னொரு கட்சி. நிக்கோனுக்கு வாய் நீளம். சவரத்துக்கு உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து ஓட முடியாது என்ற தைரியத்தில் எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வான். அதனால் அவன் கட்சிக்கு ஆள் குறைவு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவனை நம்பலாம். எந்த மனிதனும் தன்னை மட்டம் தட்டிக்கொள்வதற்காகப் பொய் சொல்ல மாட்டான். இந்தக் கதையில் மட்டம் ஆவது நிக்கோன்தான். போர் முடிந்து, கேட்டுத் தண்டிக்க ஆளில்லை என்றான பிறகுதான் அவனும் இதைச் சொல்ல ஆரம்பித்தான்.

ஓலிபோர் ரோமுக்குப் போகும் ஆப்பியா சாலையோரத்துப் பண்ணை ஒன்றில் ஏர் ஓட்டிய அடிமை. ஓலிபோர் என்றால் ஔலுஸின் பையன் என்று அர்த்தம். எஜமானன் ஔலுஸுக்கு அப்போது முப்பது வயது, பையனுக்கு நாற்பது. அதைப் பற்றி யாரும் சிரித்ததில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆள் நெடுநெடுவென்று இருப்பான். பேச்சு கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் மாடுகளிடம் பேசித் தீர்த்துவிடுவான் என்று பண்ணையில் சொல்வார்கள்.

கன்னே என்ற இடத்தில் கார்த்தேஜ்காரன் ஒரே பகலில் ரோமின் பெரும்படையை அழித்துவிட்டுப் போனான் அல்லவா, அதற்குப் பிறகு படைக்கு ஆள் கிடைக்கவில்லை. அடிமைகளைத் திரட்டலாம் என்று அரசாங்கம் முடிவுசெய்தது. வலுக்கட்டாயமாக அல்ல, ஒவ்வொருவனையும் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. பண்ணைக்கு வந்த அதிகாரி வரிசையாகக் கேட்டுக்கொண்டு ஓலிபோரிடம் வந்தான்.

“படையில சேர உனக்கு விருப்பமா?”

ஓலிபோர் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

“யாரக் கேக்கறீங்க?”

“உன்னத்தான்யா.”

“எனக்கு விருப்பமான்னா?”

“ஆமா. உண்டா இல்லையா? வெயில் ஏறுது.”

பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. “விருப்பந்தாங்க” என்று சொல்லிவிட்டு, மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டுப் புறப்பட்டுவிட்டான். ஆயுதம் போதாமல் கோயில்களில் மாட்டியிருந்த பழைய வெற்றிப் பொருள்களை இறக்கிக் கொடுத்தார்கள். அவனுக்குக் கிடைத்தது எப்போதோ ‘கால்’ என்ற வடக்கு நாட்டு எதிரி ஒருவனிடம் பிடுங்கிய கேடயம். அதில் ஒரு காட்டுப்பன்றி வரைந்திருந்தது. பன்றியின் பின்கால்களை எலி தின்றிருந்தது.

நிக்கோன் வந்து சேர்ந்தது அதே கூடாரத்துக்கு. தாரெந்தும் நகரத்தில் ஒரு பணக்கார வீட்டின் சவரக்காரன், ஓலிபோரைவிடப் பதினைந்து வயது சின்னவன். கடுங்குளிரிலும் தினம் முகம் மழிப்பான். இரண்டு வருடம் ஒரே சட்டியில் களி தின்றார்கள், ஒரே வெங்காயத்தைப் பிட்டுக்கொண்டார்கள்.

“அண்ணே, நீ ஒரு வார்த்த பேசறதுக்குள்ள எனக்கு ஒரு தாடி முளைச்சிருது” என்பான் நிக்கோன்.

“மழிச்சுக்க” என்பான் ஓலிபோர்.

இரண்டு வருடமும் கூடாரங்களில் ஒரே முணுமுணுப்புதான். எப்போது விடுதலை, எப்போது விடுதலை என்று. ஓலிபோர் முணுமுணுக்கவில்லை. ஆனால் ஒருநாள் கேடயத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, “எனக்குன்னு ஒரு சோடி மாடு. அவ்வளவுதான்” என்றான். அடிமையின் மாடு எஜமானனின் மாடு. நிக்கோன் அன்றைக்கு மட்டும் கிண்டல் செய்யவில்லை.

பிறகு பெனவெந்துமுக்கு அருகே, கலோர் ஆற்றங்கரையில், கார்த்தேஜ் படை வந்து பாளையம் இறங்கியது. போருக்கு முதல் நாள் தளபதி எல்லோரையும் கூட்டி அறிவிக்கச் செய்தார். நாளை எதிரி ஒருவனின் தலையைக் கொண்டுவருபவன் அந்த நிமிடமே சுதந்திர மனிதன். இடத்தை விட்டு ஓடுபவனுக்கு அடிமையின் சாவு. அடிமையின் சாவு என்றால் சிலுவை என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் போட்ட சத்தத்தில் ஆற்றங்கரைக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

“ஒரே ஒரு தலண்ணே” என்றான் நிக்கோன், கத்தியைத் தீட்டிக்கொண்டே. “இத்தன வருசம் எத்தன கழுத்துல கத்தி வெச்சிருக்கேன். ஒரு தடவகூட அழுத்தினதில்ல.”

மறுநாள் சூரியன் எழுந்ததும் சண்டை தொடங்கியது. தளபதி நல்லவர், சொன்ன சொல் தவறாதவர், ஆனால் அந்த அறிவிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நெருக்கடியில் ஒருவனைக் கொல்வது ஒரு நொடி வேலை. கீழே விழுந்தவனின் தலையை அறுத்தெடுப்பது அப்படியல்ல. எடுத்த பிறகு அதை வைப்பதற்கு இடமில்லை. இடது கையில் கேடயம் இருக்கிறது. ஆகவே வலது கையில் தலையைப் பிடிக்க வேண்டும், வாளைக் கீழே போட வேண்டும். இப்படியாக, யார் யார் முதலில் துணிந்து போய் எதிரியை வீழ்த்தினார்களோ அவர்களெல்லாம் வாள் இல்லாமல் நின்றார்கள். சண்டை போட மிஞ்சியவர்கள் மந்தமானவர்களும் பயந்தவர்களும்தான்.

ஓலிபோரும் ஒருவனை வீழ்த்தினான். கார்த்தேஜ் பக்கம் சேர்ந்திருந்த புருத்தி நாட்டு ஆள், நல்ல உடற்கட்டு. வருடா வருடம் பண்ணையில் பன்றி அறுத்த கை ஓலிபோருடையது, அவனுக்கு அது இரண்டு இழுப்பில் முடிகிற காரியம். மண்டியிட்டு, முடியைப் பிடித்து, கத்தியை வைத்துவிட்டான். அப்போது ஏதோ தோன்றித் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தான். கதிர் அறுக்கிறவர்களைப் போல வரிசை முழுக்கக் குனிந்திருந்தது. நிற்பவர்களைக் காணோம். எதிரில் மட்டும் வரிசையாக ஈட்டிகள் வந்துகொண்டிருந்தன.

நாற்பது வருட அடிமைத்தனத்தின் முடிவு அவன் கைக்கடியில் கிடந்தது. அவன் அதை விட்டுவிட்டு எழுந்தான். கத்தியை இடுப்பில் செருகி, வாளைப் பொறுக்கிக்கொண்டு, குனிந்திருந்தவர்களுக்கு முன்னால் போய் அந்த எலி தின்ற பன்றிக் கேடயத்தோடு நின்றான். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். வீரம் வீரம் என்று எத்தனையோ சிலை வைத்திருக்கிறார்கள் ரோமில். அந்தச் சிலைகளில் பாதிப்பேர் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்பது தெரியாது.

பக்கத்தில் நிக்கோன் ஒரு தலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“கீழ போடுடா அத. வாள எடு.”

“போட்டா மறுபடி இன்னொண்ணு கிடைக்குமாண்ணே? நீ எங்க வெச்சிருக்க உன்னோடத?”

“எடுக்கல.”

“லூசாண்ணே நீ?”

அதற்குள் நூற்றுவர் தலைவன் வோல்கியஸ் வரிசைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினான். “தலையெல்லாம் கீழ போடுங்க. தளபதி உத்தரவு. உங்க வீரத்தப் பாத்தாச்சு, நல்லாச் சண்ட போட்டவனுக்கு விடுதல உறுதி. இதுக்கு மேல கையில தல வெச்சிருக்கறவன் உத்தரவ மீறினவன், அவன் உயிர் அவனுக்கில்ல.” தலைகள் தொப்தொப்பென்று விழுந்தன. வாள்கள் எழுந்தன. உச்சிவெயில் வருவதற்குள் எதிரிகள் புறங்காட்டி ஓட, இவர்கள் அவர்களுடைய பாளையத்தை நோக்கித் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஓலிபோரும் ஓடினான். பாளையத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது பின்னால் “அண்ணே” என்று ஒரு குரல். நிக்கோன் தொடையில் குத்துப்பட்டு விழுந்துகிடந்தான்.

சமவெளியில் எதிரிப் படையின் நுமிதியக் குதிரைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. குதிரை ஏறாத இடம் என்று பக்கத்தில் இருந்தது ஒரு குன்றுதான். நிக்கோனைத் தோளில் போட்டுக்கொண்டு அதில் ஏறினான். மேலே போனால் அங்கே ஏற்கெனவே பெருங்கூட்டம். காலையிலிருந்து சரியாகச் சண்டை போடாமல் பின்வாங்கியவர்கள், தண்டனைக்குப் பயந்து ஒதுங்கியவர்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காயம் கவட்டுக்கு அருகில், கட்டுப் போட முடியாத இடத்தில். மேலங்கியிலிருந்து கம்பளியைப் பிய்த்து அடைத்து, முஷ்டியால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். அப்போதுதான் நிக்கோனின் அங்கிக்குள் இடுப்பில் கட்டியிருந்த மூட்டையைப் பார்த்தான்.

“இது என்னடா?”

நிக்கோன் கண்ணை மூடிக்கொண்டான். “தலையக் கீழ போட மனசு வரலண்ணே. இது இடிச்சு இடிச்சுத்தான் ஓட முடியாம விழுந்தேன்.”

ஓலிபோர் ஒரு கையால் மூட்டையை அவிழ்த்து, பக்கத்தில் இருந்த பாறைச் சந்துக்குள் தள்ளி, மண்ணைத் தட்டிவிட்டான். கீழே பாளையத்தின் வாசல் உடைவது தெரிந்தது. உள்ளே போனவர்கள் வெற்றி முழக்கம் போட்டார்கள்.

“போண்ணே. இப்ப எறங்குனாக்கூட அவங்களோட சேந்துரலாம். இங்க இருக்கறவங்கள நாளைக்கு சிலுவையிலதான் அறைவாங்க.”

“கைய எடுத்தா ரத்தம் வருது.”

“வந்தா வரட்டும். உன் மாட்ட நெனச்சுப் பாரு.”

“பேசாமக் கிட.”

அவன் கையை எடுக்கவில்லை. மறுநாள் விடிந்து, அதிகாரிகள் வந்து எல்லோரையும் கீழே இறக்கியபோது இரத்தம் உறைந்திருந்தது, ஓலிபோரின் விரல்கள் நீட்ட முடியாமல் மடங்கியே இருந்தன.

யாரையும் சிலுவையில் அறையவில்லை. வெற்றி கிடைத்த நல்ல நாளில் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தளபதி நினைத்தார் போலிருக்கிறது. சண்டை போட்டவன், போடாதவன் அத்தனை பேருக்கும் விடுதலை என்று அறிவிப்பு வந்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆனால் வீரனும் கோழையும் ஒன்றாகிவிடக் கூடாது அல்லவா? குன்றில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சத்தியம் செய்ய வேண்டும்: படையில் இருக்கும்வரை, நோயில் விழுந்தாலன்றி, நின்றுகொண்டே உண்பேன், நின்றுகொண்டே குடிப்பேன். காயம்பட்டவர்களை மட்டும் போரிட்டவர்களோடு சேர்த்துவிட்டார்கள். நிக்கோன் அப்படித் தப்பித்தான்.

ஓலிபோரின் முறை வந்தது. பெயர் கூப்பிட்ட வோல்கியஸ் நிமிர்ந்து பார்த்தான்.

“நீயா? பன்னிக் கேடயம் நீதான? உன்ன முன்னால நிக்கப் பாத்தேனே. குன்று மேல எப்பிடிய்யா போன?”

நிக்கோனைத் தூக்கிப்போனேன் என்று சொன்னால் போதும். ஆனால் நிக்கோன் ஏன் விழுந்தான் என்று அடுத்த கேள்வி வரும், அவன் உத்தரவை மீறித் தலையை ஒளித்தது வெளியே வரும். அவன் அங்கியெல்லாம் காயத்துக்குச் சம்பந்தமில்லாத இரத்தம். பொய் சொல்லத் தெரியாத தன் வாய் எங்கே போய் முடியும் என்று ஓலிபோருக்குத் தெரியும்.

“பயந்துட்டேங்க” என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வோல்கியஸ் சிரிக்கவில்லை. காயக்காரர்களைத் தூக்கிவந்த பலகையில் கிடந்த நிக்கோனைப் பார்த்தான், ஓலிபோரின் மடங்கிய விரல்களைப் பார்த்தான். “சரி, சத்தியத்தச் சொல்லு” என்றான்.

அன்றைக்கு பெனவெந்தும் ஊரே வாசலுக்கு வந்து படையை வரவேற்றது. வீட்டுக்கு வீடு முற்றத்தில் சாப்பாடு. விடுதலைக்கு அடையாளமாக வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட புது சுதந்திரர்கள், பாதிப்பேர் ரோமானிய வழக்கப்படி சாய்ந்து படுத்துச் சாப்பிட, பாதிப்பேர் நின்று பரிமாறினார்கள். விபியா என்ற கிழவியின் முற்றத்தில் நிக்கோன் படுத்திருந்தான். ஓலிபோர் அவனுக்கு ஆட்டுக்கறியும் பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். பண்ணையில் நாற்பது வருடம் அவன் தொழுவத்தில் உட்கார்ந்துதான் தின்றிருக்கிறான். சுதந்திர மனிதனாக முதல் கவளத்தை நின்றுகொண்டு தின்றான்.

விபியா மதுக்குடத்தோடு வந்தாள். “ஏம்ப்பா, ஓடறப்ப வலிக்காத கால் நிக்கறப்ப வலிக்குதா?”

முற்றம் முழுக்கச் சிரிப்பு. நிக்கோன் முழங்கையை ஊன்றி எழுந்தான். “இந்தாம்மா, இவரு யாருன்னு தெரியுமா உனக்கு—”

ஓலிபோர் ஒரு ரொட்டித் துண்டை அவன் வாயில் திணித்தான். “அவனுக்குக் கொஞ்சம் ஊத்துங்கம்மா” என்றான்.

அவள் நகர்ந்ததும் நிக்கோன் அழுதுவிட்டான். “நான் வோல்கியஸ்கிட்ட சொல்லிடறேண்ணே. நீ இப்பிடி நிக்கறத என்னால பாக்க முடியல.”

“அப்பக் கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடு.”

“பயந்துட்டேன்னு ஏண்ணே சொன்ன? நீயா பயந்த?”

ஓலிபோர் வாயில் இருந்ததை விழுங்கினான். “நெசமாத்தான் பயந்தேன். கைய எடுத்தா நீ செத்துருவன்னு” என்றான். “அங்க வந்த மாதிரி எனக்கு என்னிக்கும் பயம் வந்ததில்ல.”

இரண்டு மாதத்தில் நிக்கோனின் கால் ஆறியது. கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தான், அது கடைசிவரை போகவில்லை. அவன் சத்தியம் செய்தவன் அல்ல, உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கூடாரத்தில் மற்ற ஆறு பேரும் சட்டியைச் சுற்றி உட்கார, ஓலிபோர் வழக்கம்போல் கம்பத்தருகே நின்றான். நிக்கோன் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி அங்கே போனான்.

“என்னடா, உனக்கு என்ன வந்துச்சு, நீயும் ஓடிப்போனவனா?” என்றான் ஒருத்தன்.

நிக்கோன் பதில் சொல்லவில்லை, வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாக. ஓலிபோரைத் தோளால் இடித்தான்.

“தள்ளி நில்லுண்ணே. எனக்கும் எடம் வேணும்.”

தளபதி இறந்து படை கலையும்வரை, அந்தக் கூடாரத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.